முகாம் போட்டோம், பதினான்கு பேர்தான் வந்தார்கள்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். எங்கள் ஊராட்சியில் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்வருபவை. மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் உறுப்பினர் ஒருவரின் நான்கு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் பிள்ளையின் பெயர் அதில் இல்லை. ஐந்து மாத ஆண் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அந்த அம்மா மூன்று வாரம் அலைந்தார். கடைசியில் பெயர் சேர்ந்து, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று சமுதாயக் கூடத்தில் ஒரு முகாம் வைத்தோம். 500 நோட்டீஸ் அடித்தோம், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். வந்தது பதினான்கு பேர். அதிலும் ஒன்பது பேருக்குக் காகிதம் சரியில்லை. “ஜனங்களுக்கே அக்கறை இல்லை, நமக்கு எதற்கு” என்கிறார்கள் குழுவில். எங்கே தவறு செய்தோம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. பதினான்கு பேர் வந்ததே நல்ல கணக்குதான். 2012இல், இந்தத் திட்டம் இப்போதைய பெயரில் தொடங்கிய புதிதில், நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்துக்காக ஒரு மலையடிவார ஊரில் முகாம் போட்டேன். பெரிய பேனர், ஷாமியானா, டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. மதியம் மூன்று மணிவரை ஆறு பேர் வந்தார்கள். ஷாமியானாவைக் கழற்றும்போது எதிர்வீட்டுப் பாட்டியிடம், “ஏன் பாட்டி நீங்க வரலை?” என்றேன். “பேனரைப் பாத்தேன் தம்பி. அது எங்களுக்குன்னு தெரியலையே” என்றார். அந்த வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். மூன்று பேருக்கும் அட்டை கிடையாது. ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று அன்றைக்கு நானும்தான் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். அப்புறம் பல வருடம் மருத்துவமனையிலும் ஊர்களிலும் இதே வேலையைச் செய்தபோதுதான் புரிந்தது, தவறு முகாமில்கூட இல்லை, அதை எப்போது வைத்தேன் என்பதில் இருந்தது.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அந்த வீட்டில் அட்டை இருந்தது, பிள்ளை பெயர்தான் இல்லை. அந்த ஒன்பது பேரையும் காகிதம் சரியில்லை என்றுதான் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். திட்டம் இருப்பது ஊருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கொஞ்சம் பேர்தான். சிக்கல் என்னவென்றால், காப்பீட்டில் பிள்ளை ஏற வேண்டுமானால் முதலில் ரேஷன் அட்டையில் ஏற வேண்டும், ரேஷன் அட்டையில் ஏறப் பிறப்புச் சான்றோ ஆதாரோ வேண்டும், பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டும். நான்கு படி. நீங்கள் முகாம் வைத்தது நான்காவது படியில். உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் முதல் படியிலேயே நிற்கிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய், “காகிதமெல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?” என்று கேளுங்கள். பரணிலிருந்தோ டிரங்குப் பெட்டியிலிருந்தோ ஒரு மஞ்சப்பை வரும். உள்ளே வங்கிப் புத்தகம், பழைய ஸ்கேன் படம், கரண்ட் பில், தடுப்பூசி அட்டை, கல்யாணப் பத்திரிகை, நடுவில் நாலாக மடித்துக் கோடு விழுந்த பிறப்புச் சான்று. அதைப் பிரித்து, குழந்தையின் பெயர் என்ற வரியைப் பாருங்கள். பல சான்றுகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்த நாளில் பதிந்தது, பெயர் அப்புறம்தான் வைத்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். பெற்றோருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. சான்று இருக்கிறது, அரசு முத்திரை இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அந்தக் காலியிடத்தை நிரப்புவது எளிது. பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் என்றால் கட்டணமே இல்லை. அதற்கு மேல் போனால் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எந்த இடத்தில் பிறப்பு பதிவானதோ அங்கேதான் போக வேண்டும் என்பதுதான் தொல்லை. உங்கள் ஊர்ப் பெண்களில் சிலருக்குச் சூளை இருக்கும் மாவட்டத்திலேயே பிரசவம் நடந்திருக்கும். அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் அடுத்த முறை அங்கே வேலைக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்கி முடித்துவிட்டு வரட்டும்.

அதனால் இன்னொரு முகாம் வைப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். பிள்ளைகளின் பெயர், வயது, பிறப்புச் சான்றில் பெயர் இருக்கிறதா, ஆதார் இருக்கிறதா, ரேஷன் அட்டையில் இருக்கிறதா, காப்பீட்டில் இருக்கிறதா. கடைசியாக ஒரு கேள்வி, யாரும் கேட்காதது: ரேஷன் அட்டையில் கொடுத்த ஃபோன் நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது?

சிரிக்காதீர்கள். என் அனுபவத்தில் பாதி நாள் இதில்தான் போகும். பெயர் சேர்க்க இணையத்தில் உள்ளே போனால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். அந்த நம்பர் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் கணவரிடம் இருக்கும். அவர் சாரத்தின் மேல் நிற்பார், எடுக்க மாட்டார். இல்லையென்றால் ஸ்மார்ட் கார்டு வந்த காலத்தில் ரீசார்ஜ் கடைக்காரர் தன் நம்பரையே போட்டுக் கொடுத்திருப்பார். ஒருமுறை ஒரே தெருவில் ஏழு குடும்பத்துக்கு ஒரே நம்பரைப் பார்த்தேன், அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். நம்பர் செத்துப்போயிருந்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். அந்தக் குடும்பங்களை ஒரே நாளில் கூட்டிப் போனால் ஒரே அலைச்சலோடு முடியும்.

கணக்கெடுக்க வீடு வீடாகப் போக நேரமில்லை என்று குழுவில் சொல்வார்கள். பாதிக் கணக்கு ஏற்கெனவே எடுத்தாயிற்று. அங்கன்வாடிப் பதிவேட்டில் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். பள்ளியில் சத்துணவுப் பட்டியல் இருக்கிறது. அங்கன்வாடி டீச்சரையும் தலைமையாசிரியரையும் உங்களோடு உட்காரச் சொல்லி, யார் பெயர் விட்டுப்போயிருக்கலாம் என்று கேளுங்கள், பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஊரில் உள்ள எல்லாக் காகிதக் குளறுபடியும் பள்ளிச் சேர்க்கையின்போது அவர்கள் கையில்தான் வந்து விழும். அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பொதுக் காப்பீடு இருந்தும், தகுதியுள்ள பிள்ளைகள் பலர் சேராமலே இருந்தார்கள். லூசியானா மாநிலம் 2010இல், உணவு உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தனி விண்ணப்பம் கேட்காமலே ஒரே மாதத்தில் 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தது. அது அரசாங்கம் செய்யக்கூடியது. நம்மால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் இருக்கிற பட்டியலைப் பயன்படுத்து என்கிற புத்தி நமக்கும் ஆகும்.

அடுத்தது, “எங்ககிட்டதான் கார்டு இருக்கே.” இந்தப் பதிலை நம்பாதீர்கள். உங்கள் உறுப்பினர் வீட்டில் நடந்தது இதுதான். பல ஆண்டுக்கு முன்பு போட்டோ எடுத்து வாங்கிய அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள். அட்டையே இல்லாத வீட்டைவிட இந்த வீடுதான் ஆபத்து, ஏனென்றால் அவர்கள் உங்கள் முகாமுக்கு வரவே மாட்டார்கள். மைக்கில் “காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வாருங்கள்” என்று சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அடுத்த முறை “உங்கள் கடைசிப் பிள்ளை பெயர் அட்டையில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். திட்டத்தின் இணையதளத்திலேயே மின்னட்டையைத் தேடிப் பார்த்துவிடலாம். ஸ்மார்ட்ஃபோன் உள்ள ஒரு பெண் போதும். சந்தேகம் வந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

தகுதி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு, பிரீமியம் அரசு கட்டுகிறது. முன்பு வருமான வரம்பு 72,000ஆக இருந்தது. அப்போது தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இன்னமும் “எங்களுக்குக் கிடையாதுன்னுட்டாங்க” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவோ காப்பீட்டில் பதியவோ யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் அது புரோக்கர் வேலை, கொடுக்க வேண்டாம்.

வருமானச் சான்று என்றதும் பெண்கள் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். நெருங்கிக் கேட்டால்தான் வரும்: “வருமானம் எழுதிக் கொடுத்தா ஆயிரம் ரூபாய் நின்னுடுமாக்கா?” மகளிர் உரிமைத்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். 1,20,000க்குள் என்று சான்று வாங்குவதால் அது எப்படி நிற்கும்? ஆனால் இதை நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், நோட்டீஸில் அச்சடித்தாலும் நம்ப மாட்டார்கள். உரிமைத்தொகை வாங்கிக்கொண்டே காப்பீடும் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் நம்புவார்கள். ஆகவே உங்கள் குழுவில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும்போது நன்றாகப் பேசுபவரை அனுப்பாதீர்கள். தன் பிள்ளைக்குக் காப்பீட்டில் வைத்தியம் பார்த்தவரை அனுப்புங்கள். அந்த நான்கு வயதுப் பெண்ணின் அம்மா வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு மனமிருந்தால் மட்டும். பிள்ளையின் தழும்பை ஊருக்குக் காட்டச் சொல்லக் கூடாது.

இன்னொன்று, பொய் வாக்குறுதி வேண்டாம். “கார்டு வாங்கினா எல்லா வைத்தியமும் ஃப்ரீ” என்று உங்கள் நோட்டீஸில் இருந்ததா? இருந்திருந்தால் எடுத்துவிடுங்கள். காய்ச்சல், சளிக்கு ஓபியில் போய்க் காட்டுவதற்கு இந்த அட்டை ஆகாது. அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு: இதய ஆபரேஷன், புற்றுநோய்ச் சிகிச்சை, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது, பச்சிளம் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை போன்றவை. காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் அட்டையை நீட்டி, அங்கே சிரித்து அனுப்பியபிறகு, “இதுவும் ஏமாத்து வேலை” என்று ஒரு பெண் சொன்னால் அந்தத் தெருவே போச்சு.

“ஜிஎச்லதான் எல்லாம் சும்மா பண்றாங்களே, கார்டு எதுக்கு?” என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காரணம் இரண்டு. எல்லாச் சிகிச்சையும் எல்லா அரசு மருத்துவமனையிலும் இல்லை. உங்கள் மாவட்டத்தில் இல்லாததை வேறு ஊரில் அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையில் செய்ய வேண்டி வரலாம், அங்கே அட்டை இல்லாமல் நுழைய முடியாது. அடுத்தது, அரசு மருத்துவமனையில் செய்தாலும் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போகிறது. கருவி வாங்க, வார்டைச் சரிசெய்ய அது உதவுகிறது. இரண்டாவது காரணம் ஒரு தாய்க்கு அவ்வளவு முக்கியமில்லை, முதலாவதை மட்டும் சொல்லுங்கள்.

எங்கே, எப்போது சந்திப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடம் என்றால் கூலி வேலைக்குப் போகும் பெண் வர மாட்டார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளைக்கு எப்போதோ வரக்கூடிய நோய்க்காக யார் வருவார்கள்? நானே வர மாட்டேன். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நாமே போகலாம். வருகைக்கு இரண்டு வேளை போட்டோ எடுப்பதால் அவர்களும் நகர முடியாமல் அங்கேயேதான் இருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தால் அரை மணியில் பத்து வீடு முடியும். ரேஷன் கடை வாசலும் நல்ல இடம். அட்டை கையிலேயே இருக்கும், வரிசையில் பொழுதும் போக வேண்டும். சூளைக்குப் போகும் குடும்பங்களுக்குக் காலமே வேறு. தை பிறக்கும் முன்பே பலர் கிளம்பிவிடுவார்கள், மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். ஆடி, ஆவணியில் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம்தான். குலதெய்வத் திருவிழாவுக்கு எல்லோரும் வருவார்கள் என்று நினைத்து ஒரு முறை முயன்றேன். அதுபோல முட்டாள்தனம் வேறில்லை. கடாவெட்டு நாளில் யார் பிறப்புச் சான்றை எடுப்பார்கள்?

சில வீடுகளில் பெற்றோர் சூளையில் இருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பெயர் அப்பாவின் அட்டையில், வேறு வட்டத்தில் இருக்கலாம். அதை இங்கே மாற்ற வேண்டும் என்று அலைய வேண்டாம். காப்பீட்டில் பெயர் இருந்தால் மாநிலத்தின் எந்த அங்கீகார மருத்துவமனையிலும் செல்லும். பாட்டியிடம் அட்டையின் ஒரு நகலும் அதன் எண்ணும் இருந்தால் போதும். கணவர் விட்டுவிட்டுப் போன பெண்களின் பிள்ளைகள்தான் உண்மையில் கடினம். அட்டை மாமியார் வீட்டில் இருக்கும், கேட்டால் தர மாட்டார்கள். அங்கே காப்பீடு பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் தனி ரேஷன் அட்டை வாங்கித் தர வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்றால்தான் நடக்கும்.

உங்கள் பக்கத்தில் அரிசி ஆலை, செங்கல் சூளைகளில் வட மாநிலக் குடும்பங்கள் இருந்தால் அவர்களையும் நோட்டில் எழுதுங்கள். அவர்களுடைய மாநிலத்தில் வாங்கிய ஆயுஷ்மான் அட்டை, அதாவது மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, இருந்தால் இங்கேயும் அங்கீகாரமுள்ள மருத்துவமனையில் செல்லுபடியாகும். பையில் மடித்து வைத்துக்கொண்டே அது இங்கே செல்லாது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவர்கள் உரிய சான்றுகளோடு நம் திட்டத்திலேயே சேரவும் வழி உண்டு.

பள்ளி மருத்துவக் குழு வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். இதய ஓட்டை, காது கேளாமை போன்றவை பல நேரம் அந்த வண்டியில் வருபவர்கள் கண்ணில்தான் முதலில் படும். கண்டுபிடித்த அன்றைக்கே காப்பீடு தயாராக இருப்பதற்கும், அன்றைக்குத்தான் பெயர் சேர்க்கத் தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று வாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். ஏற்கெனவே ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள். கையில் இருக்கும் காகிதத்தோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு ஒருவர், கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்கு ஒருவர் என்று அன்றே பிரிந்து போங்கள்.

சரி, முகாம்? கட்டாயம் வையுங்கள், ஆனால் நோட்டில் முப்பது வீடாவது கடைசிப் படிக்கு வந்தபிறகு. அப்போது மைக் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். அந்த முப்பது வீட்டுக்கும் முந்தைய நாள் மாலை போய், “நாளைக்கு எட்டு மணிக்கு வேன், இந்த நாலு காகிதம் மட்டும் எடுத்துக்கோங்க” என்று கையில் கொடுத்துச் சொன்னால் போதும். அந்த ஒன்பது பேரின் பெயர் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் நோட்டின் முதல் ஒன்பது பக்கம் அவர்களுடையது. ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவர் இரண்டாம் முறை தானாக வர மாட்டார், நாம்தான் போக வேண்டும். போனதும் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், அப்புறம் மோர் கிடைக்கும்.

பத்தாவது பக்கத்துக்கு ஒரு வீடு சொல்லட்டுமா? மூன்று மாதத்துக்கு முன்பு ஐந்து மாதம் என்றால் அந்த நான்கு வயதுப் பிள்ளையின் தம்பிக்கு இப்போது எட்டு மாதம். அக்காவின் பெயர் ஏறியது, தம்பியின் பெயர் ஏறியதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாளைக்கே போய் அவன் பிறப்புச் சான்றை வாங்கிப் பாருங்கள். அந்த வரி காலியாக இருந்தால், கட்டணமில்லாமல் எழுத இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.